கையுறைக்காரர் வீட்டு மிளகாய்க்கண்டு

அத்தியாயம் ஏழு

"அக்கா, இந்த வீட்டைக் கட்டினவனுக்கு நேர்கோடு எண்டா என்னெண்டே தெரியாது போல," என்றான் பஸ்ரியன்.

சந்திரவதனா காரைப் பூட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவன் சொன்னதில் பிழையில்லை. கறுத்த மரச்சட்டங்களும் இடையிடையே வெள்ளைச் சுண்ணாம்புமாக அந்த வீடு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மேல்மாடி கீழ்த்தளத்தைத் தாண்டி முன்னுக்குத் துருத்திக்கொண்டிருந்தது.

ஐந்நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் கையுறை தைத்துப் பிழைத்த ஒருவர் குடியிருந்த வீடு அது. கனடாப் பணக்காரர் ஒருவர் அதில் ஆசைப்பட்டு, சட்டம் சட்டமாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, ஸ்காபரோவில் கிங்ஸ்ரன் றோட்டுக்குக் கீழே பள்ளத்தாக்கு ஓரமாகத் திரும்பப் பூட்டி வைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு வீடு பாழடைந்து கிடந்தது. அக்கம்பக்கத்து ஓய்வுபெற்ற சனங்கள் கூடி, ஒரு சதம் சம்பளம் வாங்காமல் கூரையையும் தோட்டத்தையும் திருத்தி எடுத்தார்கள். தொண்ணூற்றாறாம் ஆண்டு யூன் மாதத்து இந்தச் சனிக்கிழமைதான் அதை முதன்முதலாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள்.

"எங்கட பேஸ்மென்டையும் இப்பிடிக் கழட்டிக்கொண்டு போக ஒரு பணக்காரன் வரமாட்டானோ?" என்றான் பஸ்ரியன். "வீட்டுக்காரரையும் சேத்துக் கழட்டிக்கொண்டு போனா இன்னும் நல்லம்."

"பஸ்ரியன், வாயைக் கொஞ்சம் காரிலை விட்டிட்டு வா."

"பூட்டீட்டியளே அக்கா."

சந்திரவதனா கொழும்பில் ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியில் பொய்க் கிளெயிம்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள். இப்போது வோபர்னில் ஒரு சாறிக்கடைக்கு மேலே, லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவைத்துத் துப்பறிகிறாள். வருகிற வேலைகளில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. பெடியன் குடிப்பானா, வேறெங்கும் கலியாணம் கட்டியிருக்கிறானா என்று பார்த்துச் சொல்வது. அவளுக்குக் கார் ஓட்டுவதும், படம் எடுப்பதும், தேத்தண்ணி போடுவதும், இடைவிடாமல் கதைப்பதும் பஸ்ரியனின் வேலைகள். கடைசி வேலையை அவனாகவே எடுத்துக்கொண்டான்.

இந்தக் கேஸ் வேறு. போன மாதம் ஒஷாவாவிலிருந்து யேசுரட்ணம் என்பவர் வந்து கதிரையில் உட்கார்ந்து அழுதார். அவருடைய தங்கச்சி செரீனா சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டாளாம். மன்னாரில் தாய் படுத்த படுக்கையாம். மகளின் குரலை ஒருதரம் கேட்டுவிட்டுக் கண்ணை மூடவேண்டும் என்கிறாவாம். பஸ்ரியனும் மன்னாரான்தான். அவனும் சேர்ந்து அழுதான். முதன்முறையாக ஒரு நல்ல காரியம் செய்யக் கிடைத்திருக்கிறது என்று அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மில்லிக்கனில் இருக்கும் செரீனாவின் சினேகிதி நிலாணி முதலில் வாய் திறக்கவில்லை. பஸ்ரியன்தான் தாயின் கதையைச் சொல்லி, கண்ணீரோடு கண்ணீராக, அவளிடமிருந்து ஒரு சின்னத் துணிப்பையை வாங்கி வந்தான். செரீனா அனுப்பி, நத்தார்ப் பண்டிகைக்குத் தபாலில் வந்ததாம். உள்ளே காய்ந்த லவெண்டர். வெளியே ஒரு குட்டிக் கையுறைப் படம் அச்சுக் குத்தியிருந்தது.

இந்த வீட்டின் திறப்பு விளம்பரத்தில் அதே படத்தைச் சந்திரவதனா கண்டுபிடித்திருந்தாள். அந்தக் கையுறை இப்போது அவர்கள் தலைக்கு மேலே, வாசற்பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வாருங்கள், வாருங்கள்! தலையைக் குனியுங்கள். இந்த வாசல் குள்ளமானவர்களுக்காகச் செய்தது," என்று ஆங்கிலத்தில் வரவேற்றார் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அறுபது தாண்டியிருக்கும். கணுக்கால் வரை தொங்கும் பழுப்பு அங்கி, நெற்றியையும் காதையும் கழுத்தையும் மூடிக் கட்டிய வெள்ளைத் துணி. பெயர் பேர்ணடெற். ஓய்வுபெற்ற தாதி. இந்தத் தொண்டர்களுக்கெல்லாம் தலைவி.

பஸ்ரியன் குனியாமலே உள்ளே போனான். "எனக்கெண்டே செய்து வைச்சிருக்கிறாங்கள்," என்று தமிழில் முணுமுணுத்தான்.

உள்ளே ஒரே புகைமணம். சன்னலடியில் கையுறைக்காரரின் மேசை, பெரிய கத்தரிக்கோல், பதப்படுத்திய ஆட்டுத்தோல். பேர்ணடெற் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். சந்திரவதனா கூடையில் கிடந்த லவெண்டர்ப் பையொன்றை எடுத்தாள்.

"நல்ல தையல். தைத்தது யார்?"

அவ்வளவு நேரமும் நிற்காமல் பேசிய பேர்ணடெற் ஒரு கணம் நின்றார். "நாங்கள் எல்லோரும்தான்," என்றார். பிறகு அவசரமாக, "தோட்டத்தைப் பாருங்கள், அடுப்படி வழியாகப் போகவேண்டும். அந்த ஒரு வழிதான்," என்று கை காட்டினார்.

தோட்டம் அழகாகத்தான் இருந்தது. பிரம்பு பின்னிய வேலிக்குள் பாத்தி பாத்தியாக மருந்துச் செடிகள். கையுறைக்காரர் தன் காலத்தில் கண்டிருக்கக்கூடிய செடிகள் மட்டும்தான் இங்கே வளரலாம் என்று ஒரு பலகை சொன்னது. உருளைக்கிழங்கு, தக்காளி, சோளம் எதுவும் கூடாது, அவையெல்லாம் அதற்குப் பிறகு கடல் கடந்து போனவை. தொண்டர் ஒருவர் ஆசைப்பட்டு வைத்த சூரியகாந்தியைக்கூடப் பேர்ணடெற் பிடுங்கி எறிந்துவிட்டதாக அங்கே நின்ற கிழவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தத் தொண்டரும் அவர்தான்.

பஸ்ரியன் அடுப்படிச் சுவரோரமாகப் போனவன், ஒரு மரப்பீப்பாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"அக்கா."

"என்ன?"

"ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி வெள்ளைக்காரன் சம்பல் இடிச்சவனோ?"

பீப்பாவுக்குப் பின்னால், சுவரோடு அணைத்து வைத்த ஒரு சட்டியில் மிளகாய்க்கண்டு ஒன்று நின்றது. இலை பளபளவென்று, இரண்டொரு பூவும் விட்டிருந்தது. சந்திரவதனா குனிந்து மண்ணைத் தொட்டாள். ஈரம்.

"காலமை தண்ணி விட்டிருக்கு. வெய்யில் கூடப் படுற இடமாப் பாத்து, ஆக்களின்ர கண்ணுக்குப் படாமலும் வைச்சிருக்கு. சூரியகாந்தியைப் பிடுங்கின மனிசி இதைப் பிடுங்கேல்லை, பஸ்ரியன். ஏனெண்டு நினைக்கிறாய்?"

"பேர்ணடெற்றும் உறைப்புத் தின்னுறாவோ?"

"வைச்ச ஆளிலை அவவுக்கு அவ்வளவு பாசம்."

பட்டாணிக் கொடி ஏறிய கம்புகளுக்கு அப்பால், அங்கியும் வெள்ளைத் தலைத்துணியுமாக ஒருத்தி குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. மண் அப்பிய கைகள் மட்டும் தெரிந்தன. மாநிறக் கைகள்.

"செரீனா," என்று சந்திரவதனா மெதுவாகக் கூப்பிட்டாள்.

கைகள் நின்றுபோயின. தலைத்துணி அடுப்படிக் கதவுப் பக்கம் திரும்பியது.

பஸ்ரியனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மன்னாரில் ஒரு தாய் ரெலிபோனைக் காதில் வைத்துக் கேட்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. "பிடிச்சிட்டம் அக்கா!" என்று சந்திரவதனாவின் தோளைத் தட்டப்போனான். சந்திரவதனா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா ஆக்கள் கூப்பிட்ட பக்கம் திரும்புவினம்," என்றாள். "இவ முதல்லை கதவைப் பாத்தா. ஆர் வருகினம் எண்டு."

"அதுக்கு?"

"யேசுரட்ணத்திட்டை நான் என்ன கேட்டனான், ஞாபகமிருக்கோ? தங்கச்சி சின்னனிலை எப்பிடி, என்ன குழப்படி செய்வா எண்டு கேட்டன். அவர் என்ன சொன்னவர்?"

பஸ்ரியன் யோசித்தான். "கறிக்கு உப்புக் கூடப் போடுவா எண்டார். பஸ்ஸிலை தனியப் போகப் பயம் எண்டார். ஆரோடையும் போனிலை கதைச்சா நிப்பாட்டமாட்டா எண்டார்."

"எல்லாம் கனடாவிலை நடந்தது. ஒரு அண்ணனுக்குத் தங்கச்சி மரத்தாலை விழுந்த கதை ஒண்டுகூடத் தெரியாதோ?"

பஸ்ரியன் கம்புகளின் பக்கம் திரும்பினான்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. கண்ணுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு தலைத்துணிக்குள் போய் மறைந்தது.

"ஆர் அனுப்பினது உங்களை?"

"உங்கட அம்மாவுக்குச் சுகமில்லை எண்டு..." என்று பஸ்ரியன் தொடங்கினான்.

"என்ர அம்மா நான் பள்ளிக்கூடம் போகமுந்திச் செத்துப்போனா."

"உங்கட அண்ணை..."

"எனக்கு அண்ணன் இல்லை. மூண்டும் பொம்பிளைப் பிள்ளையள்." அவள் குரல் உயரவில்லை. "ஒஷாவாவிலை இருந்தோ வந்தவர்? இடது கையிலை பெரிய மணிக்கூடு கட்டியிருந்தவரோ? அவர் என்ர மனிசன்."

அவள் சொன்னதெல்லாம் சுருக்கமாகத்தான் இருந்தது. போன செப்ரெம்பரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கே நோயாளிகளைப் பார்க்க வந்த பேர்ணடெற் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பொலிசுக்குச் சொல்லி, கிட்ட வரக்கூடாது என்று கோர்ட்டில் கட்டளையும் எடுத்தாயிற்று. "அவர் அதை மதிக்கிறேல்லை," என்றாள் செரீனா. "கண்டுபிடிக்காத மட்டும்தான் எனக்குப் பாதுகாப்பு."

"நாங்கள் ஒரு சொல்லும் சொல்லமாட்டம்," என்றாள் சந்திரவதனா. "நான் அவருக்குப் போன் பண்ணி, ஆளைக் காணேல்லை எண்டு..."

"அக்கா," என்றான் பஸ்ரியன்.

அவன் அப்படிக் கூப்பிட்ட விதத்தில் இரண்டு பெண்களும் திரும்பினார்கள்.

"காலமை டோனட் கடையிலை நீங்கள் கோப்பி வாங்கேக்கை, நான் வெளியிலை நிண்டு அவருக்குப் போன் பண்ணினனான். பேஜரிலை நாலைஞ்சு தரம் அடிச்சுக்கொண்டிருந்தவர். பாவம், அம்மாக்காரிக்கு இண்டைக்கே சொல்லட்டும் எண்டு..." அவன் வீட்டைக் கை காட்டினான். "இந்த வீட்டின்ர பேரைச் சொல்லிப்போட்டன்."

செரீனா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். கையிலிருந்த மண்ணை அங்கியில் துடைத்தாள், அவ்வளவுதான்.

சந்திரவதனா இருவரையும் இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். சன்னலுக்கு வெளியே, அவர்களுடைய காருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. யேசுரட்ணம் இறங்கி, தலைமயிரைத் தடவிவிட்டுக்கொண்டார். கையில் பூங்கொத்து வேறு. வாசலில் உள்ளே வர நின்ற சனத்தின் வரிசையில் கடைசியாகப் போய் நின்றார்.

விசயத்தை விளங்கிக்கொள்ளப் பேர்ணடெற்றுக்கு இரண்டு வசனம் போதுமாயிருந்தது. அடுப்படிச் சுவரிலிருந்த ரெலிபோனில் பொலிசைக் கூப்பிட்டார். வருகிறோம் என்றார்களாம். எப்போது என்று சொல்லவில்லையாம். சூரியகாந்திக் கிழவர் தன் வான் வண்டியை முன்பக்கம் கொண்டுவர ஓடினார்.

"கதவைப் பூட்டினால் என்ன?" என்று சந்திரவதனா கேட்டாள்.

"பூட்டு இன்னும் போடவில்லை," என்றார் பேர்ணடெற். "அந்தக் காலத்துப் பூட்டொன்று தேடிக்கொண்டிருந்தோம்." அவர் முன்னறையை எட்டிப் பார்த்தார். "உள்ளே முப்பது பேர், குழந்தைகள். எல்லோரையும் வாருங்கள் என்று நானே கூப்பிட்டிருக்கிறேன்."

"எங்கட காரிலை வாங்கோ," என்றாள் சந்திரவதனா செரீனாவிடம். "வோபர்னிலை என்ர வீட்டிலை நிக்கலாம். எத்தினை நாளெண்டாலும்."

செரீனா தலையை ஆட்டினாள். "நான் எங்கை போறனெண்டு கேக்காதேங்கோ அக்கா. கண்டுபிடிக்கிற ஆக்களுக்குச் சொல்லேலாது."

சந்திரவதனா சன்னலையும் தோட்டக் கதவையும் பார்த்தாள். மூளை வேலை செய்தது. தோட்டத்துக்கு வழி ஒன்றுதான். யேசுரட்ணம் உள்ளே வந்து, தோட்டத்துக்குப் போனால்தான் இவள் முன்வாசலால் வெளியேறலாம். அவரைத் தோட்டத்துக்குள் இழுக்க அங்கே யாரோ நிற்கவேண்டும்.

அவள் பஸ்ரியனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, எனக்கு மீசை இருக்கு."

"குனிஞ்சு நில்."

வேறொரு நாளென்றால் இதைவைத்து ஒரு மாதம் பகிடி விட்டிருப்பான். இப்போது பேசாமல் கைகளை உயர்த்தினான். பேர்ணடெற் செரீனாவின் அங்கியை அவனுக்கு மாட்டி, தலைத்துணியை இழுத்துக் கட்டினார். துணியில் அவளுடைய வியர்வையின் சூடு ஆறாமல் இருந்தது. செரீனா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

பஸ்ரியன் பட்டாணிக் கம்புகளுக்குப் பின்னால் போய், வாசலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். களை எது, பயிர் எதுவென்று தெரியவில்லை. கைக்கு அகப்பட்டதைப் பிடுங்கினான். பின்னால் ஒரு குழந்தை ஏதோ கேட்டது, தகப்பன் சிரித்தான். பிறகு பலகைக் கதவு கிரீச்சிட்டது. செருப்புச் சத்தமில்லாத, அவசரமில்லாத நடை.

"செரீனா."

அலுவலகத்தில் அழுத அதே குரல்தான். இன்னும் இனிமையாக இருந்தது.

"என்னம்மா இது கோலம்? வெய்யிலுக்கை நிண்டு மண் கிண்டுறாய். வா, வீட்டை போவம். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

பஸ்ரியன் மூச்சுவிடவில்லை. உள்ளே இப்போது அவள் அடுப்படியைத் தாண்டியிருப்பாள். கையுறை மேசையைத் தாண்டியிருப்பாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

"உன்னோடைதான் கதைக்கிறன்."

ஒரு கை வந்து அவன் பிடரியில் விழுந்தது. தடவுவதுபோலத்தான் விழுந்தது. அடுத்த கணம் விரல்கள் துணிக்கு மேலாலேயே கழுத்தின் இரண்டு பக்கமும் இறுகின. பக்கத்தில் சனம் நடமாடிக்கொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் புருசன் ஒருவன் அன்பாகக் கழுத்தில் கை போட்டிருப்பதுபோல்தான் தெரிந்திருக்கும். எங்கே பிடிக்கவேண்டும், எவ்வளவு இறுக்கினால் சத்தம் வராது என்று அந்தக் கைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பஸ்ரியன் ஆம்பிளை. திமிறியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் கத்தவும் முடியாமல் குனிந்தபடியே நின்றான். அவள் இதை எத்தனை தரம் பொறுத்திருப்பாள் என்ற நினைப்பு வந்தபோது கண்ணீர் தானாக வழிந்தது.

முன்பக்கம் வானின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

பஸ்ரியன் திரும்பினான்.

யேசுரட்ணம் மீசையைப் பார்த்தார், கண்ணீரைப் பார்த்தார். கை தளர்ந்தது. சத்தம் போடுவார், அடிப்பார் என்று பஸ்ரியன் எதிர்பார்த்தான். அவர் சிரித்தார்.

சந்திரவதனா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "பொலிசுக்குச் சொல்லியாச்சு," என்றாள்.

"என்னெண்டு? சனத்துக்குத் திறந்துவிட்ட வீடு, பாக்க வந்தனான். இஞ்சை ஆர் இருக்கினமெண்டு எனக்குத் தெரியாதே." பூங்கொத்தைப் பாத்தி ஓரத்தில் வைத்தார். "நீங்கள் நல்ல கெட்டிக்காரர். ஒரு மாசத்திலை தேடித் தந்திட்டியள். உங்களைப்போலை ரொறன்ரோவிலை இன்னும் எத்தினையோ பேர் இருக்கினம்."

போகிற வழியில் பேர்ணடெற்றுக்கு நன்றி சொல்லிவிட்டு, வாசலில் தலையைக் குனிந்து வெளியே போனார்.

பொலிஸ் வந்தபோது சிவப்புக் கார் போய் வெகு நேரம். வந்த இளம் அதிகாரி மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டார். கழுத்தில் அடையாளம் இருக்கிறதா என்று பஸ்ரியனின் தலைத்துணியை விலக்கிப் பார்த்தார். துணி தடிப்பு, அடையாளம் விழவில்லை. அவளே இங்கே இல்லையே, கட்டளையை மீறியதாக எப்படிச் சொல்வது என்று யோசித்தார். பேசிப் பார்க்கிறோம் என்றார்.

சனம் வந்துகொண்டேயிருந்தது. பேர்ணடெற் முகத்தைக் கழுவிவிட்டு மறுபடி வாசலில் போய் நின்று, ஒவ்வொருவரையும் குனியச் சொன்னார். சந்திரவதனா அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். அவர் கேட்டுக்கொண்டு, "இங்கே அவள் நன்றாகத் தூங்கத் தொடங்கியிருந்தாள்," என்றார். "இனிமேல் வராதீர்கள்." கோபமாகச் சொல்லவில்லை. அடுத்து நின்ற குடும்பத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

பஸ்ரியன் அங்கியைக் கழற்றி மடித்துக் கொடுத்தான்.

காரில் ஏறிய பிறகு அவன் சாவியைப் போட்டானே தவிர, திருப்பவில்லை. சந்திரவதனா நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏசுங்கோ அக்கா," என்றான்.

"கண்டுபிடிச்சது நான்தானே."

"நான் போன் பண்ணாட்டி..."

"நான் கண்டுபிடிக்காட்டி உனக்குப் போன் பண்ண என்ன இருந்தது?"

வாசலில் இன்னொரு குடும்பம் குனிந்து உள்ளே போனது. பிறகு சந்திரவதனா, யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல, மெதுவாகச் சொன்னாள்:

"பேர்ணடெற் செரீனாவின்ர கையிலை தடிச்ச ஸ்வெற்றர் ஒண்டு குடுத்தவ. யூன் மாசத்திலை. அந்தக் கிழவற்ரை வானுக்கு மேலை வள்ளம் கட்டுற கம்பி இருந்தது. ரயரிலை..."

"அக்கா."

"நான் வேணுமெண்டு யோசிக்கேல்லை பஸ்ரியன். அது தானா வருது." அவள் குரல் உடைந்தது. "அவர் காராலை இறங்கேக்கை அது அங்கைதான் நிண்டது. அவரும் அந்த வானைப் பாத்திருப்பார். எனக்கு வந்தா அவருக்கும் வரும். இல்லாட்டி அவர் காசு குடுத்துப் பிடிக்கிற அடுத்த ஆளுக்கு வரும்."

"சொல்லாதேங்கோ அக்கா. எனக்குச் சொல்லாதேங்கோ. என்ர வாய் உங்களுக்குத் தெரியும்தானே."

அவள் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ்ரியன் காரை எடுத்தான். ஹைவேக்கு ஏறுகிற இடத்தில், வடக்கே ஏரிகளுக்குப் போகும் வழியைக் காட்டி ஒரு பச்சைப் பலகை நின்றது. அதைக் கடக்கும்வரை இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.